இடுப்பில் ஒரு ரிவால்வர்: கேட்டவையும் சொன்னவையும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் கூடியது சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசத்தான். நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன் என்று யாரோ சொல்லப்போக, பேச்சு ரிவால்வர் பக்கம் திரும்பிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டியதுதான் என் உத்தியோகம். கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்த சீட்டுகளில் சிலவும், என் பதில்களும் இதோ. சாக்கடை இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறேன். விடியற்காலையில் கையில் நிறையப் பணம் இருக்கும். சட்டைக்குள் தெரியாத மாதிரி சின்ன ரிவால்வர் ஒன்று வேண்டும். எதை வாங்கலாம், அண்ணா?

லைசென்ஸ் கையில் வந்த பிறகுதான் கடைப் பக்கம் போக வேண்டும். வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் பொதுமக்கள் வாங்கக்கூடிய ரிவால்வர் பெரும்பாலும் .32 போர்தான் (போர் என்றால் குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்). கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் பழைய .32 ரிவால்வர் சுமார் 700 கிராம் இருக்கும். 2014-இல் வந்த நிர்பீக், டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம். 2023-இல் வந்த பிரபல், தோட்டா இல்லாமல் 675 கிராம், பேரல், அதாவது குழல், 76 மில்லிமீட்டர்.

எல்லோர் கண்ணும் அந்த 500 கிராம் மேல்தான் போகும். நீங்கள் தராசோடு பழகியவர், அதனால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை, முதலில் இழுத்து வைக்காமல் நேராக ட்ரிகரை இழுத்துச் சுட, சாதாரணமாக ஒரு ரிவால்வருக்கு நாலரை, ஐந்து கிலோ இழுவை வேண்டும். அரைக் கிலோ பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதே கையின் ஒற்றை விரலால் ஐந்து கிலோவை இழுத்தால் அந்தப் பொருள் ஆடுமா ஆடாதா? ஆடும். ஆடினால் குறி போச்சு. பேரல் குட்டையாக இருந்தால், குறிபார்க்க மேலே இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைவு, அங்கே நூலளவு விலகினாலும் பத்தடி தள்ளி அது பெரிய விலகலாகிவிடும். எடை குறையக் குறைய கையில் உதையும் கூடும். அதாவது, சுமக்கச் சுகமானது சுடச் சுகமில்லாதது.

உங்களுக்கு நான் 700 கிராம் பக்கம்தான் சொல்வேன். இடுப்பில் கூடுதலாக இருநூறு கிராம் இருந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். கை நடுக்கம் அப்படிப் பழகாது.

அப்புறம் ஒரு விஷயம். ஏலத்துக்கு லுங்கியில்தான் போவீர்கள் என்று தெரியும். லுங்கி மடிப்பில் ரிவால்வரைச் செருகும் யோசனையே வேண்டாம். குனிந்து கூடை தூக்கினால் அது ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும். விறைப்பான பெல்ட், ட்ரிகரை முழுசாக மூடும் உறை, மேலே தளர்வான சட்டை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், வெளியே தெரியாமல், உங்கள் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

ரிவால்வரா, பிஸ்டலா?

தினமும் பயிற்சி செய்ய நேரமில்லாதவருக்கு ரிவால்வர். தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கி இருக்கும், அங்கே சிக்கினால் இரண்டு கையும் நிதானமும் வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரிவால்வரில் தோட்டாக்கள் இருந்து சுற்றும் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, சுடும்போது அதன் வழியே சூடான புகை பீறிடும். இடது கட்டைவிரலை அங்கே வைத்தவர்கள் இரண்டாவது முறை வைக்க மாட்டார்கள்.

எண்ணூரிலிருந்து. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறேன். நிர்பீக்கைப் பெண்களுக்கான துப்பாக்கி என்கிறார்களே, கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா, சார்?

அம்மா, அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். வெளிவந்தபோது அதன் விலை 1,22,360 ரூபாய், அதற்குமேல் வரி. ஆனால் துப்பாக்கிக்கு ஆண் கை பெண் கை தெரியாது, எடையும் இழுவையும்தான் தெரியும். விரல் பலம் குறைவு என்றால் லேசான ரிவால்வர்தான் உங்களை அதிகம் படுத்தும்.

கைப்பை வேண்டவே வேண்டாம். வழிப்பறிக்காரன் முதலில் பிடுங்குவது பையைத்தான், பையோடு துப்பாக்கியும் போய்விடும். அப்புறம் நீங்கள் ஸ்டேஷனில் நின்று அது எப்படித் தொலைந்தது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பைக்குள் சாவியும் சீப்பும் பேனாவும் கிடக்கும், அவற்றில் ஒன்று ட்ரிகர் வளையத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குள் அதை எங்கே வைப்பீர்கள்? யூனிஃபார்ம் மாற்றும் அறை அலமாரியிலா? எட்டு மணி நேர வேலையில் பாதுகாப்பாக வைக்க இடம் இல்லாதவர் தினமும் எடுத்துப் போகக் கூடாது. ஆஸ்பத்திரி வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவிடச் சொல்லிக் கேளுங்கள், நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். நான் துப்பாக்கிக்காரன், இருந்தும் இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்க வீடியோவில் ஐந்து தோட்டா குட்டி ரிவால்வர் பார்த்தேன், செம்மையா இருக்கு. இங்கே கிடைக்குமா? நம்ம ஏரியா ரவுடி ஏரியான்னு சொன்னால் லைசென்ஸ் தருவாங்களா? (கல்லூரி மாணவர், ராயபுரம்)

தம்பி, நீ பார்த்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஜே ஃபிரேம் வகையாக இருக்கும். 1950-இலிருந்து வருகிறது, .38 ஸ்பெஷல் தோட்டா. இரும்பில் செய்தது சுமார் 550 கிராம், அலுமினியக் கலவையில் செய்தது சுமார் 425. லேசானதை வாங்கிவிட்டு, பயிற்சியில் கை வலிக்கிறது என்று பெட்டியில் பூட்டி வைப்பவர்கள் அங்கேயும் உண்டு. நம் நாட்டில் பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் வந்தவை கைமாறிக் கைமாறி, எக்கச்சக்க விலையில் சுற்றுகின்றன.

21 வயது ஆகாமல் விண்ணப்பமே கிடையாது. சென்னை மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர்தான் லைசென்ஸ் அதிகாரி, மாவட்டங்களில் கலெக்டர். ஏ-1 படிவம், டாக்டர் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, அப்புறம் போலீஸ் விசாரணை. உனக்கென்று தனியாக என்ன மிரட்டல் என்று கேட்பார்கள். ஏரியா பேரைச் சொன்னால் எழுந்து போகச் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்வார்கள். வடசென்னை என்றாலே அரிவாள் என்று சினிமாக்காரன் காட்டுவதை நாமே நம்பலாமா? நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்கு டீ குடிக்கப் போய்வருகிறேன்.

பெரம்பூரில் இருக்கிறேன். இறந்துபோன அப்பாவின் பெட்டியில் வெள்ளைக்காரன் காலத்து வெப்லி ரிவால்வர் ஒன்று இருந்தது. அதையே துடைத்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது ஐயா. இன்றைக்கே வக்கீலிடம் பேசி, அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தோடு ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். வாரிசு பெயருக்கு மாற்ற வழி உண்டு, ஆனால் உங்கள் பெயரில் லைசென்ஸ் வரும்வரை அது வீட்டில் இருப்பதே குற்றம். வெப்லி என்றால் .455 ஆகவோ .380 ஆகவோ இருக்கலாம். அந்த ரிம் தோட்டாக்களை (அடியில் விளிம்பு துருத்தியவை) சுடும் ரிவால்வர்கள் இங்கே தடை செய்யப்பட்ட போர் வகையில் வரும், சாதாரண லைசென்ஸ் செல்லாது. தோட்டா உள்ளே இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பழைய ரிவால்வர்கள் பலவற்றில் ஹேமரைத் தடுக்கும் பாதுகாப்புத் தகடு இருக்காது. கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும்.

சௌகார்பேட்டையில் நகை வியாபாரம். பறித்துக்கொண்டு ஓடுகிறவனைச் சுடலாமா? ராஜஸ்தான் போகும்போது கூடவே கொண்டுபோகலாமா?

சேட்ஜி, ஓடுகிறவனைச் சுடக் கூடாது. தற்காப்பு உரிமை புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது, உங்கள் வக்கீலை வைத்து ஒருமுறை படியுங்கள். பெரும்பாலும் உயிருக்கோ பலத்த காயத்துக்கோ நியாயமான பயம் இருக்க வேண்டும். முதுகைக் காட்டி ஓடுபவனைச் சுட்டுவிட்டு, பயந்தேன் என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. மின்ட் தெருவில் சாயங்காலம் ஒரு தோட்டா குறி தவறினால் அது யாரோ ஒருவர் மேல் பட்டுத்தான் நிற்கும்.

லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் ஆந்திர எல்லையைத் தாண்டக் கூடாது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வழக்கம் உங்கள் உறவில் யாருக்காவது இருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்று சொல்லிவையுங்கள்.

என் .32 ரிவால்வர் ஆறு மாதத்திலேயே துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசலாமா? (திருவொற்றியூர்)

கடல் காற்றும் இடுப்பு வியர்வையும் சேர்ந்தால் ஜன்னல் கம்பியே தாங்காது. தோல் உறையிலேயே விட்டு வைப்பீர்கள் போல. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதில் கிடக்கும் பித்தளைத் தோட்டாக்கள் பச்சைப் பச்சையாகக் களிம்பேறும். வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டுத் துடையுங்கள். உறையைத் தனியாகக் காயவிடுங்கள். துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும், சிலிண்டர் சுற்றாது. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத நாளில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மூன்றாவது சொட்டு உங்கள் சட்டைக்குத்தான் போகும்.