கேள்வி பதில்: மூன்று வி8 கார்களும் அவற்றின் குணங்களும்

கேள்வி: நான் டாலஸ் நகரில் பணிபுரிகிறேன். பழைய கார் சந்தையில் 2019-ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, செவ்ரோலே கமேரோ எஸ்எஸ், டாட்ஜ் சேலஞ்சர் ஸ்காட் பேக் ஆகிய மூன்றும் என் கைக்கு எட்டும் விலையில் உள்ளன. குதிரைத்திறன் முறையே 460, 455, 485. மூன்றுமே வி8 (‘V’ வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட) எஞ்சின், பின்சக்கர இயக்கம். எனக்குப் பள்ளி செல்லும் இரு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டும்போது இவற்றுக்கிடையே வேறுபாடு தெரியுமா?
– ஒரு வாசகர், டெக்சஸ்

பதில்: நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வேறுபாடு நீங்கள் குறிப்பிட்ட குதிரைத்திறன் எண்களில் இல்லை. காரின் எடை எவ்வளவு, எஞ்சினின் இழுவை எந்தச் சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

மஸ்டாங்கும் கமேரோவும் ஏறத்தாழ 1,700 கிலோ. சேலஞ்சரோ 1,900 கிலோவைத் தொடுகிறது. சேலஞ்சரின் அடித்தளம் டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 போன்ற பெரிய செடான் கார்களுடன் பங்கிட்டுக்கொண்டது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் அதில் சுமார் 2,950 மில்லிமீட்டர், மஸ்டாங்கில் சுமார் 2,720. இந்த நீளமும் எடையும் சேர்ந்துதான் நேரான நெடுஞ்சாலையில் சேலஞ்சருக்கு ஒரு கப்பலின் நிதானத்தைத் தருகின்றன. அதே எடைதான் வளைவில் காரை வெளிப்பக்கமாகச் சாய்த்து, ‘கொஞ்சம் மெதுவாகப் போ’ என்று ஓட்டுநரிடம் சொல்கிறது. அதன் 6.4 லிட்டர் எஞ்சின் தாழ்ந்த சுழற்சியிலேயே காரை முன்னே தள்ளுவதால், கியரைக் குறைக்காமலே முந்திச் செல்ல முடியும்.

மஸ்டாங்கின் 5 லிட்டர் எஞ்சின் வேறு வகை. மற்ற இரண்டிலும் சிலிண்டருக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் வால்வுகளைத் தள்ளுகோல்கள் இயக்க, இதில் வால்வுகளை மேலிருந்தே திறந்து மூடும் நான்கு கேம்ஷாஃப்ட் தண்டுகளும் 32 வால்வுகளும் உள்ளன. அதன் உச்சத்திறன் நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில்தான் கிடைக்கிறது. ஆகவே 2,000 சுழற்சியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், “இவ்வளவுதானா?” என்று தோன்றக்கூடும். பொறுமையாகச் சுழற்சி காட்டும் முள்ளை மேலே ஏறவிட்டால் 5,000-க்கு மேல் அந்த எஞ்சின் பாடத் தொடங்கும். வெள்ளோட்டம் பார்க்கும்போது மூன்று கார்களையும் நான்காம் கியரில், ஒரே சுழற்சியிலிருந்து அழுத்திப் பாருங்கள். நான் இங்கே பத்தி பத்தியாக எழுதுவதை உங்கள் முதுகு ஒரு நொடியில் புரிந்துகொள்ளும்.

வளைவுகளைப் பொறுத்தவரை என் ஓட்டு கமேரோவுக்கே. காடிலாக் ஏடிஎஸ் காருக்காக உருவாக்கப்பட்ட இலகுவான அடித்தளத்தின் மீது கட்டப்பட்டதால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் தயக்கமின்றி மூக்கைத் திருப்புகிறது. ஆனால் ஜன்னல்கள் குறுகியவை, கூரை தாழ்ந்தது. உள்ளே உட்கார்ந்தால் பதுங்குகுழியிலிருந்து எட்டிப் பார்ப்பது போலிருக்கும். பின்னிருக்கையோ பை வைக்கத்தான் பயன்படும். பிள்ளைகளை நாள்தோறும் ஏற்றிச் செல்வதாயிருந்தால் கமேரோவை விட்டுவிடுங்கள். பின்னால் பெரியவர்களும் உட்காரக்கூடியது சேலஞ்சர் ஒன்றே. டாலஸ் பக்கத்து நேர்ச்சாலைகளையும் உங்கள் குடும்பத்தையும் எண்ணிப் பார்த்தால் அதையே வாங்கச் சொல்வேன், எனக்காக வாங்குவதாயிருந்தால் மஸ்டாங்கைத் தேர்ந்தெடுப்பேன் என்றாலும்.

மஸ்டாங் பக்கம் மனம் சாய்ந்து, விலைக்காக இன்னும் பழையதைத் தேடினால் ஒன்றைக் கவனியுங்கள். 2015-ஆம் ஆண்டு மாடலிலிருந்துதான் எல்லா மஸ்டாங்குகளுக்கும் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் வந்தது. அதற்கு முந்தையவற்றில், மிகச் சிலவற்றைத் தவிர, இரு பின்சக்கரங்களையும் ஒரே ஆக்சில் இணைத்திருந்தது. வளைவின் நடுவே ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் குலுங்கி, வால்பகுதி பக்கவாட்டில் ஒரு எட்டு வைக்கும்.

கேள்வி: சேலஞ்சர் ஹெல்கேட்டுக்கு 707 குதிரைத்திறன்; மஸ்டாங்கின் பந்தய வகையான ஷெல்பி ஜிடி350-க்கு 526 மட்டுமே. அப்படியிருக்க, விவரம் தெரிந்தவர்கள் பலர் ஷெல்பியைக் கொண்டாடுவது ஏன்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: ஹெல்கேட்டின் 6.2 லிட்டர் எஞ்சின் மீது அமர்ந்து அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரை, எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டே பெல்ட் மூலம் சுழற்றுவதால், புகையின் வேகத்தால் சுழலும் டர்போவில் நேரும் காத்திருப்பு இதில் இல்லை. மிதித்த கணமே ஒரு கீச்சொலியோடு கார் பாய்கிறது. ஆனால் அந்தத் திறன் முழுவதையும் இரண்டு பின்சக்கரங்களே சாலையில் இறக்கியாக வேண்டும். தாழ்ந்த கியர்களில் அவை பிடிமானம் இழந்து சுழல்வதால், ஓட்டுநரின் வேலை பெரும்பாலும் வலது காலை அடக்குவதாகவே அமைகிறது. அந்தக் காருடன் இரண்டு சாவிகள் வருகின்றன: சிவப்பில் முழுத் திறன், கருப்பில் 500 வரை மட்டும். காரைப் பிறரிடம் கொடுக்கும்போது எதைக் கொடுப்பது என்பதில் அதன் உரிமையாளர்கள் மிகத் தெளிவாக இருப்பார்கள்.

ஷெல்பியின் 5.2 லிட்டர் எஞ்சினில் சூப்பர்சார்ஜரும் இல்லை, டர்போவும் இல்லை. வழக்கமான அமெரிக்க வி8 எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட்டில் பிஸ்டன்களைத் தாங்கும் முனைகள் 90 பாகை இடைவெளியில் குறுக்காக அமைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்து நான்கு சிலிண்டர்களும் ஒழுங்கற்ற இடைவெளியில் வெடித்து, நமக்குப் பழகிய அந்த அடித்தொண்டை உறுமலைத் தருகின்றன. ஜிடி350-இல் அந்த முனைகள் ஒரே தளத்தில் 180 பாகையில் உள்ளன. வெடிப்புகள் இரு பக்கமும் மாறி மாறிச் சீராக நிகழ, உறுமல் கதறலாகிறது. முள் 8,250 வரை ஏறுகிறது. இந்த அமைப்புக்கே உரிய அதிர்வு கியர் குமிழிலும் இருக்கையிலும் தெரியும். ஆறு கியர்களையும் கையால்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கியரிலும் எஞ்சினை அதன் எல்லைவரை இட்டுச்செல்லும் உழைப்பு ஓட்டுநருடையது என்பதால், கிடைக்கும் வேகமும் தன்னுடையது என்ற நிறைவு அவருக்கு உண்டாகிறது. ஹெல்கேட் தரும் மகிழ்ச்சி பயம் கலந்தது. அதுவும் ஒரு சுவைதான், மறுக்கவில்லை.

கேள்வி: 1970-இன் செவ்ரோலே செவெல் எஸ்எஸ் 454 காருக்கு 450 குதிரைத்திறன் என்று படித்தேன். அப்படியானால் அது 2019-இன் கமேரோ எஸ்எஸ்ஸுக்கு நிகர்தானே?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை. அக்காலத்தில் எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்து, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், முழு சைலன்சர் போன்ற சுமைகள் இன்றி அளந்த மொத்தத் திறனையே விளம்பரப்படுத்தினார்கள். 1972 மாடல்களிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் அச்சுமைகளுடன் அளந்த நிகரத் திறனுக்கு மாறின. கமேரோ எஸ்எஸ்ஸின் 455 இந்த இரண்டாவது முறையில் கிடைத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஓட்டும் உணர்வோ இன்னும் தூரம். அந்த 7.4 லிட்டர் எஞ்சினின் இரும்புக் கனம் முழுவதும் முன்சக்கரங்கள் மீது இறங்குகிறது. பச்சை விளக்கு விழுந்ததும் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்ப, நேர்க்கோட்டில் அது இன்றும் மிரட்டும். முதல் வளைவில்தான் சிக்கல்: ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு காரின் பதிலுக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும், அக்காலக் குறுகிய டயர்களோ அதற்கு முன்பே அலறத் தொடங்கிவிடும்.