போன் மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: பாபநாசம் பக்கத்துக் கிராமம். எனக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத்தான் போனைப் பயன்படுத்துகிறேன். போன மாதம் அப்டேட் ஆன பிறகு வங்கி ஆப்பில் எதைத் தொட்டாலும் "பட்டன், பட்டன்" என்றுதான் கேட்கிறது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறியதா என்றுகூடப் பார்க்க முடியவில்லை. 20,000 ரூபாய் போன் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கும்பகோணத்துக் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து பாருங்கள். அதை டாக்பேக் ஒழுங்காகப் படித்தால் உங்கள் போனில் கோளாறு இல்லை. படமாக இருக்கும் ஒவ்வொரு பட்டனுக்கும் ஆப்பைச் செய்தவர்கள் உள்ளே ஒரு பெயர் எழுதி வைக்க வேண்டும். 'இருப்பு', 'பணம் அனுப்பு' என்று. டாக்பேக் அதைத்தான் வாசிக்கும். பெயரே இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் பெரும்பாலும் "பட்டன்" என்றுதான் சொல்லும். கடைக்காரர் சொல்வதை நம்பத் தோன்றினால், அதே ஆப் வைத்திருக்கும் உறவினர் போனில் டாக்பேக்கைப் போட்டு, லாகின் பக்கத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சரிசெய்ய வேண்டியது வங்கி. இதைச் சலுகையாகக் கேட்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் வங்கிகளின் கேஒய்சியில் (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில்) படும் பாட்டைப் பற்றிய வழக்கு அது.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். "ஆப் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லி முடித்துவிடுவார்கள். எந்தப் பக்கம், எந்தப் பட்டன், என்ன கேட்கிறது, ஆப்பின் பதிப்பு எண் என்ன என்று எழுதுங்கள். இன்னொரு போனில் சத்தத்தோடு வீடியோ எடுத்து இணையுங்கள். கணக்கு விவரம் அதில் தெரியக் கூடாது. புகார் எண்ணை வாங்காமல் விடாதீர்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம்.

அதுவரை வங்கியின் எஸ்எம்எஸ் தகவலையும் மிஸ்டு கால் இருப்பு வசதியையும் பயன்படுத்துங்கள். எஸ்எம்எஸ் வெறும் எழுத்து, டாக்பேக் தடங்கலில்லாமல் படிக்கும். அவசரம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பின் நம்பரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.