வரியோடிய அகேவ் கற்றாழையின் புதுக் கன்றுகள் முழுப் பச்சையாக வருவது ஏன்? எப்படிப் பராமரிப்பது?

இலையில் தெரியும் வெள்ளை, மஞ்சள் பட்டைகளில் பச்சையம் இல்லை, அல்லது மிகக் குறைவு. பச்சையம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் ஒரே செடிக்குள் தனித்தனி அடுக்குகளாக வளர்வதால்தான் அந்த வரிகள். அடியிலிருந்து கிளம்பும் கன்றுக்குப் பச்சை அடுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால், கன்று முழுப் பச்சைதான். உரம் போட்டு வரியை வரவழைக்க முடியாது. பச்சைக் கன்று வேகமாக வளர்ந்து தாயையே அமுக்கிவிடும் என்பதால், சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முழு வெள்ளைக் கன்று பார்க்க அழகுதான், ஆனால் பிரித்து நட்டால் பிழைக்காது. அதைத் தாயோடு விட்டுவிடலாம். வரி நன்றாக விழுந்த கன்றைப் பிரித்ததும் உடனே நடாமல், வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். வெளிர் பட்டைகள் கடும் வெயிலில் சீக்கிரம் கருகும். அந்தப் பழுப்புத் தழும்பு மறையாது. நிழலில் வளர்ந்த செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். தொட்டியில் துளை அவசியம். மண்கலவையில் பாதிக்குமேல் பருமணல், சிறுகல், பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) போன்றவை இருக்கட்டும். மண் அடிவரை காய்ந்தபின் தாராளமாக நீர் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் இன்னும் குறைவு போதும். அடியிலைகள் மெத்தென்று தொய்ந்தால் பெரும்பாலும் வேரழுகல்தான், தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றாதீர்கள்.

அப்புறம், கையுறை போடாமல் வெட்டாதீர்கள். முள் ஒரு பக்கம், தோலில் பட்டால் அரிக்கும் சாறு இன்னொரு பக்கம்.