ஆக்சிஜன் தானாக எரியாத வாயுதானே? அப்புறம் ஏன் விமான ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் கிரீஸ் கையோடு போகக்கூடாது என்று இவ்வளவு கெடுபிடி?

புதிதாக வேலையில் சேர்ந்து சீனியர் யாரிடமோ திட்டு வாங்கியிருக்கிறீர்கள் போல. நான் அந்த மாதிரி சீனியர்தான்.

ஆக்சிஜன் எரியாது, சரி. மற்றதையெல்லாம் எரிய வைக்கும். நிரம்பிய சிலிண்டரில் சுமார் 1850 பிஎஸ்ஐ அழுத்தம். வால்வைப் படக்கென்று திறந்தால், குழாயின் மூடிய முனையில் வாயு நெருக்கப்பட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொதிக்கும் சூடாகிவிடும். அங்கே துளி எண்ணெய் இருந்தால் போதும், தீப்பொறியே வேண்டாம். பற்றிக்கொண்டால் உலோகமும் சேர்ந்து எரியும்.

ஒரு இரவு ஷிப்டில் சிலிண்டர் மாற்றும் வேலை. உதவிக்கு வந்த தம்பி சக்கரத்துக்கு கிரீஸ் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நேராக வந்து நின்றார். நகக்கண்ணெல்லாம் கருப்பு. கையிலிருந்த ஸ்பேனரும் எண்ணெயில் மின்னியது. "கை கழுவிட்டு வாப்பா, அந்த ஸ்பேனர் இங்கே வேண்டாம்" என்றேன். புறப்படும் நேரம் ஆகிறது என்று போன் மேல் போன். எரிபொருள் வண்டி வேறு வந்துவிட்டது. அதையும் தள்ளி நிற்கச் சொன்னேன். சிலிண்டரை மாட்டி, வால்வை மெல்லத் திறந்து, அதற்கென்று உள்ள திரவத்தைப் பூசி லீக் பார்த்தோம். வீட்டு சோப்புத் தண்ணீர் கூடாது. ஒரு இணைப்பில் பொடி நுரை கிளம்பியது. அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகுதான் அதை இறுக்கினேன். விமானம் தாமதமாகத்தான் போனது.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று வருபவர்களுக்கு: 1996 மே 11, அமெரிக்காவின் வேல்யூஜெட் 592 பயணிகள் விமானம். சரக்கு அறையில் ஏற்றிய ஆக்சிஜன் ஜெனரேட்டர்களுக்கு (ரசாயன வினையால் ஆக்சிஜன் உண்டாக்கும் கருவிகள்) பாதுகாப்பு மூடி போடவில்லை. தீப்பிடித்து விமானம் விழுந்து, அதிலிருந்த 110 பேரும் இறந்தார்கள். அது சிலிண்டர் இல்லை, ரசாயன ஜெனரேட்டர் என்று திருத்த வேண்டாம், தெரியும். இரண்டிலும் அலட்சியம் ஒரே மாதிரிதான். உங்கள் விமானத்தின் மேனுவல் வேறு மாதிரி சொன்னால் மேனுவலைக் கேளுங்கள், என்னை அல்ல.

இன்னொன்று. மழை விடட்டும் என்று பைலட் காத்திருந்தால் அது பொறுப்பு. நாங்கள் கை கழுவக் காத்திருந்தால் அறிக்கையில் "பராமரிப்பால் தாமதம்". அதோடு, எல்லார் கைக்கும் ஒரே அளவில் கையுறை வாங்கிப்போடும் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.