பிரிட்டனில் மகனுடன் தாய் தங்க: விசிட்டர் விசாவிலிருந்து மாற முடியுமா?

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் தாயாரை உங்களுடனேயே தங்கவைக்க முடியுமா, முன்பு அதற்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிருந்தபடியே விசா மாற முடியாது. ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருக்கும் உங்கள் தாயார், வயதுவந்த சார்பு உறவினர் விசாவுக்கு (பிறர் பராமரிப்பு தேவைப்படும் பெற்றோர் போன்றவர்கள் பிரிட்டனில் உள்ள உறவினருடன் வாழ்வதற்கான விசா) பிரிட்டனுக்கு வெளியிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

முந்தைய விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்குப் பெரும்பாலும் மருத்துவரின் கடிதமே காரணமாக இருக்கும். சர்க்கரை, மூட்டுவலி என்று நோய்களை அடுக்கினால் போதாது. குளிக்க, உடுத்த, சமைக்க அவருக்கு நெடுங்காலத்துக்குப் பிறர் துணை தேவை என்பதும், நீங்கள் பணம் அனுப்பினாலும் அத்தகைய பராமரிப்பு அவருடைய நாட்டில் கிடைக்காது அல்லது கட்டுப்படியாகாது என்பதும் ஆவணங்களில் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தக் கடிதத்தை எடுத்து, இவை அதில் எழுதப்பட்டுள்ளனவா என்று வரிவரியாகப் பாருங்கள். தனிமை மட்டும் எடுபடாது, இரக்கமற்ற விதிதான்.

இன்னொன்று: நீங்கள் இன்னும் வேலை விசாவில் இருந்தால், இந்த வழி உங்களுக்குப் பொருந்தாது.