பதில்: பெரிய கோயில் அந்திப் படத்தில் வானம் கறுத்துப் போகிறது

தஞ்சைப் பெரிய கோயிலில் ஏழரை மணிக்கு எடுத்த படத்தில் விமானம் (கருவறை மேல் நிற்கும் கோபுரம்) மஞ்சளாக வெளுத்து, வானம் தார் பூசியது போல வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கேமராவில் கோளாறு இல்லை, நேரம்தான் தப்பு. நம் பக்கம் அந்தி சட்டென்று முடிந்துவிடும். சூரியன் மறைந்து 15 முதல் 25 நிமிடத்துக்குள்தான் வானமும் விளக்கு வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக நிற்கும்.

கோயில் கிழக்கு பார்த்தது. இராசராசன் திருவாயில் (கிழக்கே உள்ள இரண்டாவது கோபுர வாசல்) பக்கம், நந்தி மண்டபம் மறைக்காதபடி சற்று ஒதுங்கி நின்றால் விமானத்துக்குப் பின்னால் மேற்கு வானம் இருக்கும். கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். பின்பக்கம் போனால் கிழக்கு வானம், அது முதலில் இருண்டுவிடும்.

ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் 3500 கெல்வின் அளவில் வையுங்கள். மஞ்சள் அடங்கி நீலம் எழும்பும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) விமானத்தின் வெளிச்சமான பகுதிக்கு வைத்து, ரா ஃபைலாக (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுங்கள். இருண்ட பகுதிகளை அப்புறம் எடிட்டிங்கில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம்.

ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், சும்மா தூக்கிப் போனால் வாசலோடு சரி. அதற்குப் பதில் பையைத் தரையில் வைத்து அதன்மேல் கேமரா, கை பட்டு ஆடாமலிருக்க 2 வினாடி டைமர், போதும். அண்ணாந்து மட்டும் பிடிக்காதீர்கள், 216 அடி விமானம் படத்தில் பின்னால் சாய்ந்தது போலத் தெரியும். தள்ளி நின்று கேமராவைச் சாய்க்காமல் எடுத்து, படத்தில் முன்தரையை அப்புறம் வெட்டிவிடுங்கள்.