சூப்பர் ஹீரோ படத்தில் வில்லனை நன்றாகக் காட்டியிருக்கிறார்களா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

வில்லன் செத்த பிறகு ஜெயித்தவனுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பேன். இந்த அளவுகோல் எனக்கு ஊரிலிருந்தே கிடைத்தது.

நான் ராமேஸ்வரத்துக்காரன். இங்கே ராமலிங்கப் பிரதிஷ்டை விழா மூன்று நாள். முதல் நாள் ராவண சம்ஹாரம், மறுநாள் கோதண்டராமர் கோயிலில் விபீஷணர் பட்டாபிஷேகம், மூன்றாம் நாள் லிங்கப் பிரதிஷ்டை. ராவணனைக் கொன்ற பாவம் தீரத்தான் ராமர் இங்கே சிவனைப் பூசித்தார் என்கிறது தலபுராணம். ஜெயித்தவரே பரிகாரம் தேட வேண்டியிருந்தது என்றால் தோற்றவன் எப்பேர்ப்பட்டவன்!

2021இல் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'யைத் தமிழில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். (கதையைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) வில்லன் ஷிபு டீக்கடையில் வேலை பார்ப்பவன், ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கியவன். அவன் பல வருடம் காதலித்துக் காத்திருந்த உஷா கடைசியில் அவனை ஏற்றுக்கொள்ளும்போது, ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் முகத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே கையை நிறுத்திவிட்டார். ஊரார் வைத்த தீயில் உஷாவும் அவள் மகளும் போனதும், "பாவிங்களா, அவன் இப்பத்தானடா சிரிச்சான்" என்றார். அப்புறம் அவன் ஊரையே அழிக்கக் கிளம்பியபோது, "அதுக்காக இப்படியா?" என்று அவரேதான் கோபப்பட்டார். அவன் செய்ததை அவர் மன்னிக்கவில்லை. ஆனாலும் நாயகன் ஜெயித்தபோது எங்கள் வீட்டில் யாரும் கைதட்டவில்லை.

'பிளாக் பாந்தர்' (2018) படத்தில் பரிகாரமே நடக்கிறது. வில்லன் கில்மாங்கர் இறந்தபின், அவன் அநாதையாக நின்ற அதே அமெரிக்க நகரமான ஓக்லாந்துக்குப் போய், அங்குள்ள மக்களுக்கு உதவி மையம் தொடங்குகிறான் நாயகனான வகாண்டா நாட்டு ராஜா ட்சல்லா. 'இவ்வளவு வசதி இருந்தும் வெளியே கஷ்டப்படும் கறுப்பின மக்களுக்கு உங்கள் நாடு ஏன் உதவவில்லை' என்று எதிரி கேட்ட கேள்வி நியாயம் என்று ஒப்புக்கொண்டதால்தானே போகிறான்?

வில்லனுக்குச் சோகமான பழைய கதை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'தி டார்க் நைட்' (2008) படத்தில் ஹீத் லெட்ஜரின் ஜோக்கருக்குப் பழைய கதையே கிடையாது. வாயோரத் தழும்பு எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வான். பரிதாபம் துளியும் வராது. ஆனால் நல்லவனான ஹார்வி டென்டைக் கொலைகாரனாக்கி விடுகிறான். அந்தக் கொலைகளைப் பேட்மேன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். ஜோக்கர் பிடிபட்ட அதே இரவில், போலீஸ் நாய்கள் துரத்த ஓடுவது பேட்மேன்தான்.